பழைய லெகோ மின்ரயில்கள்: வாங்குவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் செய்யும், டென்மார்க்கின் பில்லுண்ட் நகரத்து லெகோ நிறுவனம் 1966 முதல் மின்சார ரயில் செட்டுகளை விற்று வருகிறது. அவற்றில் தண்டவாளத்திலிருந்தோ, பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்தோ மின்சாரம் எடுத்து ஓடிய பழைய ரயில்களைப் பற்றியது இந்தப் பக்கம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: இவை ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. என் பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் சாயும்.

4.5 வோல்ட், 12 வோல்ட், 9 வோல்ட் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

மோட்டாருக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

1966-இல் வந்த முதல் ரயில்கள் 4.5 வோல்ட். நடுத்தர அளவான சி பேட்டரி மூன்றை ரயிலோடு போகும் ஒரு பெட்டியில் போட வேண்டும். தண்டவாளம் முழுக்கப் பிளாஸ்டிக். நீல நிறத் தண்டவாளத் துண்டுகளை வெள்ளை ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் பொருத்துவது அன்றைய முறை. 1960களின் கடைசியில் விசில் ஊதினால் நிற்கிற ரயிலும் இந்த வரிசையில் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சங்கதி.

1969-இல் 12 வோல்ட் வந்தது. இதில் வீட்டு மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தண்டவாளத்துக்குப் போகிறது. சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் உலோகம் பதித்த இன்னொரு ஜோடி கம்பிப் பாதை இருக்கும். மோட்டாரின் அடிவயிற்றில் உள்ள தொடுமுனைகள் அதைத் தடவிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுக்கும். இந்த நடுப்பாதை தனித் துண்டுகளாகக் கிடைத்தது. ஏற்கெனவே 4.5 வோல்ட் பாதை வைத்திருந்தவர்கள் எதையும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. பழைய ஸ்லீப்பர் மேலேயே நடுத்துண்டை அழுத்தி, மோட்டாரை மாற்றி, டிரான்ஸ்ஃபார்மரை இணைத்தால் போதும். வாங்கியவரின் பழைய செலவை மதித்துச் செய்த வடிவமைப்பு இது. 1980-இல் இதே முறை சாம்பல் நிறத் தண்டவாளத்தோடு புது உருவம் எடுத்தது.

1991-இல் 9 வோல்ட். நடுப்பாதை போய்விட்டது. ஓடும் தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு பதித்தார்கள். மோட்டாரின் உலோகச் சக்கரங்களே மின்சாரத்தை எடுத்துக்கொண்டன. பார்ப்பதற்கு நிஜத் தண்டவாளத்துக்கு நெருக்கமாக இருப்பது இதுதான். 2006-இல் ரிமோட்டில் ஓடும் பேட்டரி ரயில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலோகத் தண்டவாளத்தை லெகோ முழுவதுமாகக் கைவிட்டது. இன்றைய ரயில்கள் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை.

நான் முதன்முறையாக வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்?

9 வோல்ட்டில் தொடங்குங்கள். பாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன, தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கோக்கும் வேலை இல்லை, பழுதும் குறைவு. இன்று கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தண்டவாளத்தின் வடிவமும் இதே என்பதால், பின்னாளில் புது ரயில் வாங்கினாலும் அதே பாதையில் ஓடும்.

மனம் 12 வோல்ட்டைக் கேட்டால் அதற்குக் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நடுப்பாதைத் துண்டுகளைத் துடைப்பதற்கும் வயர்களைப் பார்ப்பதற்கும் பொறுமை இருக்க வேண்டும். 4.5 வோல்ட் மலிவு, எளிது. சிறு குழந்தை வீட்டில் இருந்து, தரையில் கரண்ட் ஓடுவது பிடிக்கவில்லை என்றால் அதுதான் சரி.

எதை எடுத்தாலும் முதல் ஆண்டில் ஒரே முறையோடு நில்லுங்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைப்பவர்களிடம் கடைசியில் ஒரு முழு வட்டம் கூடத் தேறுவதில்லை.

விற்பனைப் படத்தைப் பார்த்தே எந்தக் காலத்து ரயில் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ரயிலை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பாருங்கள். நீலத் தண்டவாளமும் வெள்ளைக் கட்டையும் இருந்தால் 1966-க்கும் 1979-க்கும் இடைப்பட்டது. நடுவில் உலோகப் பாதை இருந்தால் 12 வோல்ட், இல்லையென்றால் 4.5. தண்டவாளமும் கட்டையும் தனித்தனியாகப் பிரிகிற சாம்பல் நிறப் பாதை என்றால் 1980களைச் சேர்ந்தது. கட்டையும் தண்டவாளமும் ஒரே வார்ப்பாக இருந்து, மேலே வெள்ளி போல் மின்னினால் 9 வோல்ட். அதே வடிவம், மின்னும் தகடு இல்லை என்றால் 2006 முதல் வந்த பிளாஸ்டிக் பாதை. இந்தக் கடைசி இரண்டையும் மாற்றி விற்பது அடிக்கடி நடக்கிறது. விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். எனவே வெளிச்சத்தில் வைத்து மேலிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பேர் பெற்ற செட்டுகள் எவை?

12 வோல்ட்டில் 1980-இன் 7740 இன்டர்-சிட்டி பயணிகள் ரயிலும் 1985-இன் 7745 அதிவேக ரயிலும் எல்லோரும் தேடுபவை. அதே 1980-இல் வந்த 7750 நீராவி எஞ்சினும் நிலையத்துக்குள் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் 7760 டீசல் ஷண்டரும் சிறியவை. ஆனால் பாதையில் ஓடும்போது கண்ணை எடுக்க முடியாது. 9 வோல்ட்டில் 1991-இன் 4558 மெட்ரோலைனர். அதன் மவுசைப் பார்த்து லெகோவே 2001-இல் 10001 என்ற எண்ணில் மறுபடி வெளியிட்டது. 2002-இன் 10020 சான்டா ஃபே சூப்பர் சீஃப் எஞ்சினையும் சொல்லலாம். சிவப்பும் வெள்ளியும் கலந்த அந்த முகப்பு, அமெரிக்க ரயில்களை நேசிப்பவர்களை அப்படியே நிறுத்திவிடும்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது இவற்றையல்ல. 1991-இன் 4563 சரக்கு ரயில் போன்ற ஒன்றை எடுங்கள். எஞ்சின், பெட்டிகள், தண்டவாள வட்டம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் ஒரே செட்டில் அடங்கிவிடும்.

வேறு வேறு காலத்து ரயில்களைக் கலந்து ஓட்டலாமா?

பாதையின் அகலம் இத்தனை ஆண்டுகளிலும் மாறவே இல்லை. அதனால் இழுபடும் பெட்டிகள் எந்தக் காலத்துப் பாதையிலும் உருளும். பேட்டரியில் ஓடும் ரயிலுக்கும் கவலை இல்லை. 1970களின் 4.5 வோல்ட் எஞ்சின் 9 வோல்ட் தண்டவாளத்தில் ஜம்மென்று போகும்.

சிக்கல் வருவது பாதையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மோட்டார்களில்தான். 9 வோல்ட் மோட்டாருக்கு உலோகத் தண்டவாளம் வேண்டும், 12 வோல்ட்டுக்கு நடுப்பாதை வேண்டும். ஒன்றின் பாதையில் இன்னொன்று அசையாது. 9 வோல்ட் மோட்டாரை 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு இணைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

இணைப்புக் கொக்கியையும் கவனியுங்கள். தொடக்கக் காலப் பெட்டிகளில் கொக்கி, பிறகு வந்தவற்றில் காந்தம். இரண்டும் ஒட்டாது. கொக்கி உள்ள பெட்டியின் ஒரு முனையில் மட்டும் காந்த இணைப்பை மாட்டி இடைப்பெட்டியாகப் பயன்படுத்துவது எளிய வழி.

ஐரோப்பாவிலிருந்து வரும் டிரான்ஸ்ஃபார்மர் நம் வீட்டு மின்சாரத்தில் வேலை செய்யுமா?

செய்யும். ஐரோப்பா, இந்தியா, இலங்கை மூன்றிலும் இன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பழைய பெட்டிகளில் 220 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அவை கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். இரண்டு உருண்டைக் கம்பி உள்ள ஐரோப்பிய பிளக், இந்திய சாக்கெட்டில் பொதுவாக நுழையும். தளர்வாக இருந்தால் அடாப்டர் போடுங்கள். ஆடும் பிளக்கில் தீப்பொறி வரும்.

அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் நிலைமை வேறு. அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் சுவரில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும், ஆபத்தும் கூட. உறவினர் அங்கிருந்து வாங்கி வந்தால் தண்டவாளமும் ரயிலும் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மின்சாரப் பெட்டியை ஐரோப்பாவிலிருந்து தேடிக்கொள்ளலாம்.

இவற்றில் பல நாற்பது ஆண்டு பழசு. வயரின் உறை வெடித்திருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ, உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டாலோ செருகவே கூடாது. திறந்து பார்க்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தண்டவாளத்தில் ஓடும் 12 வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. சுவரிலிருந்து பெட்டி வரை வரும் 230 வோல்ட் அப்படியல்ல.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மோட்டாரைத்தான். லெகோ கட்டை உடைந்தால் இன்னொன்று கிடைக்கும்; கதவு, ஜன்னல், சக்கரம் எல்லாமே கிடைக்கும். ஒரு பழைய ரயிலின் விலையில் பெரும்பங்கு மோட்டாருக்கும் மின்சாரப் பாகங்களுக்கும்தான் போகிறது.

9 வோல்ட் மோட்டாரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ரேடியோவில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் வயர் வைத்து, ஒன்றை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் தொட்டால் மோட்டார் சுழல வேண்டும். 12 வோல்ட் மோட்டாருக்கு அதே பேட்டரியை அடியில் உள்ள தொடுமுனைகளில் வைத்துப் பார்க்கலாம்; வேகம் குறைவாக இருக்கும், ஆனால் சுழலும். தூரத்திலிருந்து வாங்கினால் விற்பவரை இதைச் செய்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

அந்த வீடியோவில் சத்தத்தைக் கேளுங்கள். சீரான ரீங்காரம் நல்லது. கறகறவென்று இருந்தால் கியரில் முடி சுற்றியிருக்கலாம், அதை எடுத்துவிடலாம். சக்கரம் சுற்றாமல் மோட்டார் மட்டும் கத்தினால் உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

என் ரயில் நின்று நின்று ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை அழுக்குதான் காரணம்.

தண்டவாளத்தின் உலோகத்தில் தூசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். மோட்டாரின் சக்கரத்தையும் அப்படியே. உப்புத்தாள் போடவே கூடாது. அதில் விழும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு வேகமாக உட்காரும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். லெகோ கட்டை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும்.

துடைத்த பிறகும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே இரண்டு துண்டுகள் சரியாகச் சேரவில்லை. கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது ரயில் கிளம்பினால் குற்றவாளி அந்த இணைப்புதான். துண்டைக் கழற்றி, இணைப்பில் உள்ள உலோக நாக்கைத் துடைத்து, லேசாக வெளியே வளைத்துவிட்டு மாட்டுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் குறைகிறது என்றால் அது வேறு பிரச்சினை. ஒவ்வொரு இணைப்பும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். நீண்ட பாதையில் அது கூடிக்கொண்டே போகும். தீர்வு, எதிர்ப்பக்கத்திலும் ஒரு வயர் இணைப்புக் கொடுப்பது. இரண்டு வயரும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து, ஒரே திசையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். இடமும் வலமும் மாறினால் ஷார்ட் ஆகும்.

12 வோல்ட்டில் கூடுதலாக ஒன்று: மோட்டார் சக்கரத்தின் ரப்பர் வளையம். பழையதானால் கெட்டியாகி வழுக்கும், அல்லது வெடித்துக் கழன்றுவிடும். சக்கரம் சுற்றியும் ரயில் நகராமல் இருப்பதற்கு அதுவே காரணம். அளவு பார்த்துப் புது ஓ-ரிங் போட்டால் இழுவை திரும்பிவிடும்.

எண்ணெய் விடலாமா?

இழுபடும் பெட்டிகளின் அச்சு முனையில் ஊசி நுனி அளவு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். அதற்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளானால் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். எண்ணெய் தண்டவாளத்தில் பட்டால் மின்சாரமும் போகும், பிடிமானமும் போகும்.

4.5 வோல்ட் பேட்டரிப் பெட்டிக்குள் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், பெரும்பாலும் காப்பாற்றலாம். உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்ததால் வந்தது அது. ஆல்கலைன் பேட்டரி என்றால் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்து ஒற்றினால் பூப்பு கரையும். பிறகு தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தகடே அரித்து ஓட்டையாகியிருந்தால் செம்புத் தகடு வெட்டிப் பொருத்த வேண்டும்.

இனிமேல் ஓட்டி முடித்ததும் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மூன்றும் சேர்ந்து 3.6 வோல்ட்தான் வரும். ரயில் கொஞ்சம் நிதானமாகப் போகும். பழைய மோட்டாருக்கு அது நல்லதே.

ஒரு வட்டம் போட எவ்வளவு இடம் வேண்டும்?

9 வோல்ட்டில் 16 வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் முழு வட்டம். பாதையின் மையக்கோட்டுக்கு ஆரம் 40 குமிழ் (லெகோ கட்டையின் மேல் உள்ள வட்டப் புடைப்புதான் குமிழ்). ஒரு குமிழுக்கு 8 மில்லிமீட்டர் என்றால் 32 சென்டிமீட்டர். ஸ்லீப்பர் கட்டையின் வெளி ஓரத்தையும் சேர்த்தால் வட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம் வரும். ஒரு நேர்த்துண்டு 12.8 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் நான்கு நேர்த்துண்டு சேர்த்தால் நீளம் 1.2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சாதாரணச் சாப்பாட்டு மேசை போதும்.

வெறும் வட்டம் சீக்கிரம் அலுத்துவிடும். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்டுகள் இரண்டும் ஒரு கிளைப்பாதையும் சேருங்கள். ரயிலை உள்ளே தள்ளி, பெட்டியைக் கழற்றி, எஞ்சினை மறுபக்கம் கொண்டுவரும் வேலை வந்துவிட்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

பாதையை வளைத்து அதே பாதையில் திரும்பி வரும்படி போட்டேன். ரயில் நின்றுவிட்டது. ஏன்?

இது 9 வோல்ட்டில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம். இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். பாதை வளைந்து பாயிண்ட் வழியாகத் தன்னையே வந்து சேரும்போது இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொடுகிறது. ஷார்ட் சர்க்யூட். 12 வோல்ட்டின் நடுப்பாதைக்கும் இதே விதி. 4.5 வோல்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தீர்க்க வேண்டுமென்றால் திரும்பு வளையத்தின் இரண்டு முனையிலும் இணைப்புகளுக்கு இடையே மெல்லிய டேப் வைத்து மின்சாரத்தைப் பிரிக்க வேண்டும். அந்த வளையத்துக்கு அதே ரெகுலேட்டரிலிருந்து திசை மாற்றும் சுவிட்ச் வழியாகத் தனி இணைப்புக் கொடுத்து, ரயிலை உள்ளே நிறுத்தி, ரெகுலேட்டரின் திசையையும் சுவிட்சையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். வயரிங் பிடிப்பவருக்கு இது இன்பமான வேலை. மற்றவர்கள் வட்டத்தையோ நீள்வட்டத்தையோ வைத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு சுவையான விஷயமும் வருகிறது. தண்டவாளத்தின் மின்சாரம்தான் திசையை முடிவு செய்கிறது, எஞ்சின் அல்ல. எஞ்சினைத் தூக்கி, முகத்தைத் திருப்பி வைத்தாலும் அது முன்பு போன பக்கமாகவே போகும். அதனால்தான் நீண்ட ரயிலின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மோட்டார் வைத்தால் இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்து இழுக்கின்றன. அவற்றை மேலே வயரால் இணைக்காமல் இருந்தால் போதும். தலைகீழாக மாட்டினால் அங்கேயே ஷார்ட்.

1980களின் 12 வோல்ட்டை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு ரயில் நிலையத்தையே நடத்தலாம் என்பதற்காக.

அந்த வரிசையில் மின்சாரத்தால் மாறும் பாயிண்டுகள் வந்தன. இடப்பக்கத்துக்கு 7858, வலப்பக்கத்துக்கு 7859. பெட்டியைக் கழற்றிவிடும் 7862, தானாக இறங்கும் லெவல் கிராஸிங் கேட் 7866, சிக்னல் 7860. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சுவிட்ச் பலகை. அவற்றை 7864 டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் வரிசையாக மாட்டிக்கொண்டே போகலாம். மின்சாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே கடக்கும். சேகரிப்பு வளர வளரக் கட்டுப்பாட்டு மேசையும் வளரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிக்னல். அது விளக்கு மட்டும் அல்ல. சிவப்பு போட்டால் அதன் முன்னால் உள்ள நடுப்பாதைத் துண்டில் மின்சாரம் நின்றுவிடும். அங்கே வரும் ரயில் தானாக நிற்கும். பச்சை போட்டால் கிளம்பும். சின்ன நகரத்து ஸ்டேஷன் மாஸ்டர் செய்கிற வேலையை ஒரு குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பின்னால் வந்த 9 வோல்ட்டில் இவை எதுவுமே வரவில்லை. பாயிண்டைக் கையால்தான் தள்ள வேண்டும். பாதை அழகானது, விளையாட்டு குறைந்தது. ரசிகர்கள் நாற்பது ஆண்டு கழித்தும் சாம்பல் காலத்தை விடாமல் பிடித்திருப்பதில் நியாயம் இருக்கிறது. 12 வோல்ட் வாங்க முடிவு செய்தால், இன்னொரு எஞ்சினுக்குப் போகும் பணத்தில் ஒரு சிக்னலும் ஒரு ஜோடி பாயிண்டும் வாங்குங்கள் என்பேன்.

கட்டைகள் மஞ்சளித்துவிட்டன. வெளுக்க வைக்கலாமா?

வெயிலாலும் வெப்பத்தாலும் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. வெள்ளை, சாம்பல், நீல நிறங்களில் பளிச்சென்று தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கட்டைகளை முழுக்க மூழ்கவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தோடு வெயிலில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறம் பெருமளவு திரும்பும். கட்டை மிதக்கும்; மேலே கனம் வைத்து, அடிக்கடி கிளறிவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஸ்டிக்கர் உள்ளவை, உலோகம் உள்ளவை, மின்சாரப் பாகங்கள் எதையும் போடக்கூடாது.

இது நிலைக்காது. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரலாம், பிளாஸ்டிக்கும் நொறுங்கும் தன்மை பெறலாம். அதனால் இரண்டு நிறமாகத் திட்டுத்திட்டாகக் கண்ணை உறுத்தும் கட்டைகளுக்கு மட்டும் செய்யுங்கள். ரயில் முழுவதும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அப்படியே விடுவது என் வழக்கம்.

அழுக்கை மட்டும் போக்க, 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். மோட்டார், காந்தம், இரும்பு அச்சுள்ள சக்கரம் ஆகியவற்றை முதலில் கழற்றிவிடுங்கள்.

உதிரி பாகங்களும் கட்டும் முறைக் கையேடும் எங்கே கிடைக்கும்?

பாகங்களுக்கு பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை. 2000-இல் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஒரு சக்கரம், ஒரு ஜன்னல் என்று தனித்தனியாக வாங்கலாம். முழு செட் வேண்டுமென்றால் ஜெர்மனியின் க்ளைன்அன்சைகன், நெதர்லாந்தின் மார்க்ட்பிளாட்ஸ் போன்ற பழைய பொருள் விற்பனைத் தளங்கள். 12 வோல்ட் ரயில்கள் முக்கியமாக ஐரோப்பாவில் விற்கப்பட்டவை. அங்கே பரணிலிருந்து இறங்கும் பெட்டிகள் இன்னும் வருகின்றன. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளில் நம் உறவினர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

9 வோல்ட் உலோகத் தண்டவாளம் லெகோவில் நின்றுபோனாலும் எஃப்எக்ஸ் பிரிக்ஸ் என்ற நிறுவனம் பொருந்தும்படி புதிதாகச் செய்கிறது. லெகோ ஒருபோதும் தராத அகன்ற வளைவுகளும் அதில் உண்டு. விலை அதிகம், தரமும் அதிகம்.

பழைய கையேடுகளை ரசிகர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். செட் எண்ணைத் தேடினால் கிடைத்துவிடும்.

பாகங்கள் அந்தக் காலத்தவையா, பின்னால் சேர்த்தவையா என்று எப்படித் தெரியும்?

சாம்பல் நிறம் காட்டிக்கொடுக்கும். 2004-இல் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையதில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். 1985-ஆம் ஆண்டு ரயிலில் நீலச் சாயல் சாம்பல் இருந்தால் அந்தக் கட்டை பிறகு வந்தது. ஓட்டுவதற்கு அது ஒரு குறையே இல்லை. விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம்.

பிரிக்காத பெட்டியாக வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

ஏறியிருக்கிறது, பலருக்கு. ஆனால் அந்த எண்ணத்தில் கேட்பவருக்கு நான் சரியான ஆள் இல்லை. ஓடாமல் கிடக்கும் மோட்டாரில் ரப்பர் காய்கிறது, தொடுமுனை கறுக்கிறது. பிரிக்காத பெட்டி என்பதால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. அதே பணத்துக்கு, ஓரம் தேய்ந்த, ஓடுகிற இரண்டு ரயில்களும் கைநிறையத் தண்டவாளமும் வரும்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குத் தபாலில் வரவழைக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். பொம்மைகளுக்கு இறக்குமதி வரி கடுமையானது. 2021 ஜனவரி 1 முதல் தரச் சான்று பெற்ற பொம்மைகளுக்கே அனுமதி என்ற ஆணையும் இருக்கிறது. பழைய பொம்மைக்கு அந்த முத்திரை எங்கிருந்து வரும்? சுங்கத்தில் பொட்டலம் நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. ஊருக்கு வருகிறவர் தன் பெட்டியில் கொண்டுவருவதே நம்பகமான வழி. அதற்கும் அப்போதைய சுங்க விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டாரையும் தண்டவாளத்தையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைத்தால் சோதனையில் கேள்வி குறையும்.

நம் ஊர் ஈரக்காற்றில் எப்படிப் பாதுகாப்பது?

பிளாஸ்டிக்குக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. இரும்பு அச்சு, காந்தம், தொடுமுனை இவைதான் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். மோட்டார்களையும் சக்கரங்களையும் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தண்டவாளத்தை அடுக்கும்போது உலோகப் பக்கங்கள் உரசாமல் இடையில் காகிதம் வைக்கலாம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் ஜன்னலோர அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது எல்லா எஞ்சினையும் வெளியே எடுத்து, பத்து நிமிடம் மிதமான வேகத்தில் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள்.

குழந்தைகளிடம் கொடுக்கலாமா?

கொடுக்கத்தான் வேண்டும். ஐந்தாறு வயதுக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் செருகுவதும் எடுப்பதும் பெரியவர் வேலை. பழைய இணைப்புகளில் உள்ள சிறு காந்தங்கள் கழன்று வருபவை. அவற்றை விழுங்கினால் குடலுக்கு ஆபத்து. வாயில் போடும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் காந்தப் பெட்டிகளை மேலே வைத்துவிட்டு, கொக்கி இணைப்புள்ள 4.5 வோல்ட் ரயிலைக் கீழே இறக்குங்கள். அதற்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பேட்டரிப் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.